ஜப்பான் தபால் முத்திரையில் தேதி படிப்பது எப்படி?

பழைய ஜப்பானிய ஸ்டாம்ப் ஒன்றின் மேல் விழுந்த முத்திரையில் 10.11.12 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையிலேயே படித்துப் பழகியவர்கள் நாம். சட்டென்று '1912 நவம்பர் 10' என்று எழுதி வைத்துவிடத் தோன்றும். முத்திரையில் ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால் அது சரியாக இருக்கலாம். ஊர்ப்பெயர் ஜப்பானிய எழுத்தில் இருந்தால் தப்பு. அப்போது அது நவம்பர் 12. ஆண்டு 1921, 1935, 1998 ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று. அதே மூன்று எண்கள்தான், ஆனால் நான்கு தேதிகள் வந்து நிற்கின்றன.

புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்களுக்கு இதில் நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: எண்களைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் எழுத்து, அடுத்து முத்திரையின் அமைப்பு, அப்புறம் ஸ்டாம்ப்பும் அது ஒட்டியிருக்கும் அட்டை அல்லது உறையும். இவ்வளவையும் பார்த்துவிட்டு எண்களுக்கு வந்தால், ஜப்பானிய மொழி தெரியாதவர்கூடப் பெரும்பாலான முத்திரைகளுக்குச் சரியான தேதியைச் சொல்லிவிடலாம்.

தொடங்கும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, பக்கவாட்டில் வைக்க ஒரு மேசை விளக்கு, ஒரு பென்சில். இவை போதும். முத்திரை மங்கலாக இருந்தால் கைபேசியில் படமெடுத்துப் பெரிதாக்கி, வெளிச்சத்தையும் மாறுபாட்டையும் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். கறுப்பு மை அடர்நிற ஸ்டாம்ப்பில் அமுங்கிப் போயிருந்தாலும் படத்தில் பலமுறை மேலே தெரிய வரும்.

அட்டையிலோ உறையிலோ ஒட்டியிருக்கும் ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். ஸ்டாம்ப் சிறியது, முத்திரை பெரியது. பாதி வட்டம்தான் ஸ்டாம்ப் மேல் விழும், மீதிப் பாதி காகிதத்தில் இருக்கும். இயந்திரம் போட்ட முத்திரைகளில் இது இன்னும் மோசம். அலைக்கோடுகளோ விளம்பர வாசகமோ ஸ்டாம்ப் மேல் விழுந்து, தேதி உள்ள வட்டம் பக்கத்துக் காகிதத்தில் தனியாக நிற்கிற உறைகள் ஏராளம். பிரித்தெடுத்தால் கையில் மிஞ்சுவது வெறும் கோடுகள். ஏற்கனவே பிரித்து விற்கப்பட்ட ஸ்டாம்ப் என்றால் வேறு வழியில்லை, இருப்பதை வைத்துப் படிக்க வேண்டியதுதான். உறை முழுதாகக் கிடைத்தால் அதன்மேல் கத்தரிக்கோலை வைக்க வேண்டாம்.

முதல் படி: ஊர்ப்பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது?

ஜப்பானிய அஞ்சலகங்கள் உள்நாட்டுத் தபாலுக்கு ஒரு முத்திரையும் வெளிநாட்டுத் தபாலுக்கு இன்னொரு முத்திரையும் வைத்திருந்தன. உள்நாட்டு முத்திரையில் ஊர்ப்பெயர் ஜப்பானிய எழுத்தில் இருக்கும். வெளிநாட்டு முத்திரையில் டோக்கியோ, யோகோஹாமா, கோபே என்று ஆங்கில எழுத்திலேயே இருக்கும், கூடவே 'ஜப்பான்' அல்லது 'நிப்பான்' என்று நாட்டின் பெயரும் வரும்.

தேதி வரிசையைத் தீர்மானிப்பது இந்த வேறுபாடுதான்.

ஜப்பானிய எழுத்து முத்திரையில் வரிசை ஆண்டு, மாதம், நாள். அந்த ஆண்டும் நம் ஆண்டு அல்ல, பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டு.

ஆங்கில எழுத்து முத்திரையில் வரிசை நாள், மாதம், ஆண்டு. ஆண்டு நமக்குப் பழகிய ஆங்கில ஆண்டின் கடைசி இரண்டு எண்கள். 19ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் மாதப் பெயரே மூன்று ஆங்கில எழுத்தில் சுருக்கி இருக்கும், குழப்பமே வராது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வெளிநாட்டு முத்திரைகள் பலவற்றில் மாதம் ரோமானிய எண்ணில் இருக்கும். நடுவில் அப்படிக் கோடுகளும் சாய்ந்த குச்சிகளும் தெரிந்தால் அது மாதம், முன்னால் இருப்பது நாள், பின்னால் இருப்பது ஆண்டு.

ஜப்பானிலிருந்து இந்தியாவுக்கு வந்த பழைய உறைகளில் பெரும்பாலும் இந்த ஆங்கில எழுத்து முத்திரைதான் இருக்கும். கோபேயிலும் யோகோஹாமாவிலும் இந்திய வணிகர்கள் கடை போட்டிருந்தார்கள், அவர்களின் வணிகக் கடிதங்கள் நம் சந்தையிலும் வருகின்றன. அப்படி ஓர் உறை கிடைத்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். இந்திய அஞ்சலகம் வந்து சேர்ந்த நாளுக்கு முத்திரை போட்டிருந்தால், உங்கள் வாசிப்பைச் சரிபார்க்க அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. கப்பல் தபால் காலத்தில் இரண்டு தேதிக்கும் நடுவில் சில வாரங்கள் இருக்கும். வந்த தேதி புறப்பட்ட தேதிக்கு முன்னால் போய்விட்டால், ஏதோ ஒன்றைத் தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.

இரண்டாம் படி: வட்டத்துக்குள் எது எங்கே?

நீங்கள் அதிகம் சந்திக்கப்போவது ஒரே வகை முத்திரையை. 1906இல் அறிமுகமாகி, போரைத் தாண்டி 1960கள் வரை புழங்கியது. ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் இதைக் குஷிகாதா என்பார்கள், சீப்பு வடிவம் என்று பொருள். ஒரு வட்டம். அதன் நடுவே குறுக்காக இரண்டு கோடுகள், அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஒரு பட்டை. பட்டைக்கு மேலும் கீழும் சீப்புப் பற்களாக நெருக்கமான செங்குத்துக் கோடுகள். மேல் வளைவில் ஊர்ப்பெயர். நடுப்பட்டையில் தேதி. கீழ் வளைவில் நேரம்.

போருக்கு முந்தைய முத்திரைகளில் ஊர்ப்பெயரை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். தேதிக்கு அது பொருந்தாது. நடுப்பட்டையில் உள்ள எண்களை எப்போதும் இடமிருந்து வலமாகவே படியுங்கள்.

கீழ் வளைவில் இருக்கும் நேரத்தைத் தேதியோடு சேர்த்துவிடுவது புதியவர்களிடம் அடிக்கடி நடக்கும் தவறு. பழைய முத்திரைகளில் 0-4, 8-12 என்பது போல ஒரு நேர இடைவெளி இருக்கும், முன்னால் ஓர் ஒற்றை எழுத்து முற்பகலா பிற்பகலா என்று சொல்லும். பிற்கால முத்திரைகளில் 24 மணிக் கணக்கில் 8-12, 12-18, 18-24 என்று வரும். ஸ்டாம்ப் மேல் முத்திரையின் கீழ்ப்பகுதி மட்டும் விழுந்து 12-18 என்று தெரிந்தால் அது டிசம்பர் 18 அல்ல, நண்பகல் 12 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடைப்பட்ட நேரம். அடையாளம் சுலபம்: தேதியில் எண்களுக்கு நடுவே புள்ளி இருக்கும், நேரத்தில் சிறு கோடு இருக்கும். சில முத்திரைகளில் நேரத்துக்குப் பதில் மூன்று நட்சத்திரங்களோ மாவட்டப் பெயரோ இருக்கும். தேதி படிக்க அவை தேவையில்லை.

சீப்புப் பற்கள் இல்லாமல், வட்டமும் இரண்டு குறுக்குக் கோடுகளும் மட்டும் இருந்தால் அநேகமாக அது பிற்காலத்து முத்திரை. மேலே ஊர், நடுவே தேதி, கீழே நேரம் என்ற அமைப்பு மாறவில்லை.

பாதி வட்டம்தான் கிடைத்தது என்றால்? இடது பாதி இருந்தால் ஆண்டு கிடைக்கும், வலது பாதி இருந்தால் நாள் கிடைக்கும். சேகரிப்பவருக்கு இடது பாதிதான் மதிப்பு. சந்தையில் பொறுக்கும்போதே இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் அன்றாடம் கையால் மாற்றப்பட்ட அச்செழுத்துகள் என்பதால் ஒன்று சாய்ந்தோ தலைகீழாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. 6, 9 இரண்டையும் கொஞ்சம் சந்தேகத்தோடே பாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்சி ஆண்டை ஆங்கில ஆண்டாக்குவது

ஜப்பானில் புதிய பேரரசர் வந்ததும் காலக்கணக்கு ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கு ஐந்து காலங்கள் தெரிந்தால் போதும். முத்திரையில் உள்ள ஆண்டோடு இந்த எண்ணைக் கூட்டுங்கள்:

மெய்ஜி (1868 முதல் 1912 வரை): 1867
தைஷோ (1912 முதல் 1926 வரை): 1911
ஷோவா (1926 முதல் 1989 வரை): 1925
ஹெய்செய் (1989 முதல் 2019 வரை): 1988
ரெய்வா (2019 முதல்): 2018

முத்திரையில் 57.6.3 என்று இருந்தால்: 57 ஆண்டு ஓடியது ஷோவா காலம் ஒன்றில்தான். 57 கூட்டல் 1925, 1982. ஆக 1982 ஜூன் 3. இந்தப் பட்டியலை ஒரு சீட்டில் எழுதி ஆல்பத்தின் முதல் பக்கத்தில் செருகி வையுங்கள். ஷோவாவுக்கு உரிய 1925 மட்டும் மனப்பாடமாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நம் கையில் சேரும் ஜப்பானிய ஸ்டாம்ப்களில் பெரும்பகுதி ஷோவா காலத்தவைதான்.

நான்காம் படி: எந்த ஆட்சி?

சிக்கலே இங்கேதான். உள்நாட்டு முத்திரையில் எண் மட்டும் இருக்கும், ஆட்சியின் பெயர் இருக்காது. 5 என்றால் தைஷோ 5ஆ, ஷோவா 5ஆ, ஹெய்செய் 5ஆ, ரெய்வா 5ஆ?

முதலில் எண்ணே எவ்வளவு தூரம் உதவுகிறது என்று பார்ப்போம். நடுப்பட்டையில் 1, 2, 3 எண்களோடு தேதி வரும் முத்திரைகள் 1906இல், அதாவது மெய்ஜி 39இல் வந்தவை. அதனால் மெய்ஜி என்றால் 39 முதல் 45 வரைதான் சாத்தியம். தைஷோ 15இல் முடிந்தது. ஷோவா 64 வரை போனது. ஹெய்செய் 31 வரை. இதை வைத்துக் கழித்துக்கொண்டே வந்தால்:

46 முதல் 64 வரை இருந்தால் ஷோவாவேதான். 32 முதல் 38 வரை இருந்தாலும் ஷோவாதான். 39 முதல் 45 வரை என்றால் மெய்ஜி அல்லது ஷோவா. 16 முதல் 31 வரை என்றால் ஷோவா அல்லது ஹெய்செய். 1 முதல் 15 வரை உள்ள எண்கள்தான் கஷ்டமானவை. தைஷோ, ஷோவா, ஹெய்செய் மூன்றுமே அங்கே போட்டிக்கு நிற்கும், ரெய்வாவும் ஒவ்வோர் எண்ணாகச் சேர்ந்துகொண்டே வருகிறது.

இனி ஸ்டாம்ப்பைப் பாருங்கள். ஸ்டாம்ப் 'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்று உறுதியாகச் சொல்லும். 'இதற்குப் பின்னால் இருக்க முடியாது' என்று சொல்லாது, ஏனென்றால் மேசை இழுப்பறையில் கிடந்த பழைய ஸ்டாம்ப்பைப் பல ஆண்டு கழித்தும் ஒட்டலாம்.

விலை சென்னில் இருக்கிறதா, யென்னில் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. 100 சென் ஒரு யென். 1953 முடிவோடு சென் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே 3 சென் ஸ்டாம்ப் மேல் 39 என்று ஆண்டு இருந்தால் அது மெய்ஜி 39, 1906. 1964 என்று குழம்பவே வேண்டாம். மாறாக டோக்கியோ ஒலிம்பிக் ஸ்டாம்ப் மேல் 39.10.10 இருந்தால் அது 1964 அக்டோபர் 10, போட்டி தொடங்கிய நாள், அந்த ஸ்டாம்ப் வெளியான நாளும் அதுவே.

செவ்வந்திச் சின்னம் இரண்டாவது. போருக்கு முந்தைய ஸ்டாம்ப்களில் 16 இதழ் கொண்ட அரச செவ்வந்தி இருக்கும். மூன்றாவது, ஆங்கில எழுத்தில் 'நிப்பான்'. 1966 முதல் வெளியான ஸ்டாம்ப்களில் இது கட்டாயம் உண்டு. அந்தச் சொல் இருந்தால் மெய்ஜியையும் தைஷோவையும் கேள்வியின்றி விட்டுவிடலாம். ஷோவா என்றால் 41 முதல்தான்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்த கருவி தபால் கட்டணம். சாதாரணக் கடிதத்துக்கு ஜப்பானில் 1899 முதல் 1937 வரை 3 சென். போருக்குப் பிந்தைய விலையேற்றத்தில் அது தாவித் தாவி ஏறி, 1951 இறுதியில் 10 யென் ஆகி 1966 வரை நின்றது. அப்புறம் 15 யென், 1972இல் 20, 1976இல் 50, 1981இல் 60. 1989 ஏப்ரலில் நுகர்வு வரி வந்ததும் 62. 1994இல் 80, 2014இல் 82, 2019 அக்டோபரில் 84, 2024 அக்டோபரில் 110.

இந்தப் பட்டியலின் பலத்தைப் பாருங்கள். 5.3.10 என்ற முத்திரை 62 யென் ஸ்டாம்ப் மேல் இருந்தால் ஹெய்செய் 5, அதாவது 1993 மார்ச் 10. அதே 5.3.10, 84 யென் ஸ்டாம்ப் மேல் இருந்தால் ரெய்வா 5, 2023 மார்ச் 10. 2.2.22 போல எண்கள் அடுக்கி வரும் நாளின் முத்திரையை ஜப்பானியர்கள் விரும்பிச் சேர்க்கிறார்கள். அந்தத் தேதி 1990இலும் வந்தது, 2020இலும் வந்தது. எது என்பதை ஒட்டிய ஸ்டாம்ப்தான் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் சொன்ன 10.11.12, 80 யென் ஸ்டாம்ப் மேல் இருந்தால் 1998 என்று முடித்துவிடலாம்.

82, 84 போன்ற ஒற்றைக் காலத்துக்கே உரிய விலைகள் புதியவர்களுக்கு வரப்பிரசாதம். பழக, அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

தைஷோவா, ஷோவாவா? ஒரு பட அட்டையைப் பிரித்துப் படிப்போம்

கட்டணம் கைவிடுகிற இடமும் உண்டு. அஞ்சலட்டைக்கு 1899 முதல் 1937 வரை ஒரே கட்டணம், ஒன்றரை சென். அதனால் ஒன்றரை சென் ஸ்டாம்ப் ஒட்டிய பட அட்டையில் 5.3.10 என்று இருந்தால் 1916ஆ 1930ஆ என்று ஸ்டாம்ப் விலை சொல்லாது. அட்டையைக் கேட்க வேண்டும்.

முகவரிப் பக்கத்தைத் திருப்புங்கள். முதலில், முகவரியையும் செய்தியையும் பிரிக்கும் கோடு. 1907 வரை முகவரிப் பக்கத்தில் செய்தி எழுத அனுமதி கிடையாது, அதனால் கோடும் இல்லை. 1907இல் மூன்றில் ஒரு பங்கு இடம் செய்திக்கு விடப்பட்டது. 1918இல் அது பாதியானது. ஆக, கோடு மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறதா, நட்ட நடுவில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். நடுவில் இருந்தால் 1916க்கு வாய்ப்பே இல்லை, நம் அட்டை 1930 மார்ச் 10. மூன்றில் ஒரு பங்கில் இருந்தால் 1916 என்று கொள்வது நியாயம். பழைய அட்டையை 1930இல் யாரோ எடுத்து எழுதியிருக்கலாம் என்ற சின்னச் சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

அடுத்து, அட்டையின் தலைப்பு. மேலே ஐந்து எழுத்தில் 'யூபின் ஹகாகி', அதாவது அஞ்சலட்டை என்று அச்சிட்டிருக்கும். போர் முடியும் வரை இதை வலமிருந்து இடமாக அச்சிட்டார்கள். வலப்பக்கம் உள்ள இரண்டு எழுத்துகள் கோடுகள் மண்டிய சிக்கலான எழுத்துகள், இடப்பக்கம் உள்ள மூன்றும் எளியவை. இடமிருந்து இரண்டாவது எழுத்தின் வலது மேல் மூலையில் லென்ஸை வையுங்கள். அங்கே இரண்டு சின்னஞ்சிறு கீற்றுகள் கூடுதலாக இருக்கின்றனவா? இருந்தால் அட்டை 1933க்குப் பிறகு அச்சானது. இல்லாவிட்டால் அதற்கு முந்தையது. எழுத்துகளின் வரிசையே இடமிருந்து வலமாக மாறி, சிக்கலான இரண்டும் இடப்பக்கம் வந்துவிட்டால் அது போருக்குப் பிந்தைய அட்டை.

இப்போது 10.11.12க்கே திரும்புவோம். ஒன்றரை சென் ஒட்டிய பட அட்டையில் அந்த முத்திரை இருக்கிறது. தைஷோ 10 என்றால் 1921, ஷோவா 10 என்றால் 1935. இரண்டு காலத்திலும் கோடு நடுவில்தான், அது உதவாது. அந்த இரண்டு கீற்றுகள் உதவும். கீற்றுகள் இருந்தால் 1935 நவம்பர் 12, மறுபேச்சில்லை. இல்லாவிட்டால் 1921 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ஆட்சி மாறிய நாட்கள்

இந்த நாட்களின் முத்திரைகளைத் தேடிப் பிடிக்கவே ஒரு கூட்டம் இருக்கிறது. அதனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

மெய்ஜி முடிந்து தைஷோ தொடங்கியது 1912 ஜூலை 30. தைஷோ முடிந்து ஷோவா தொடங்கியது 1926 டிசம்பர் 25. இந்த இரண்டு மாற்றத்திலும் பழைய காலமும் புதிய காலமும் ஒரே நாளைப் பகிர்ந்துகொண்டன. ஷோவா முதலாம் ஆண்டு டிசம்பர் 25 முதல் 31 வரை, வெறும் ஏழே நாள். 1.12.25 முதல் 1.12.31 வரையிலான முத்திரை ஷோவா காலத்தது என்று நினைத்தால் கட்டாயம் ஸ்டாம்ப்பைச் சரிபாருங்கள். 1912 டிசம்பர், 1989 டிசம்பர், 2019 டிசம்பர் மாதங்களுக்கும் அதே எண்கள்தான் வரும்.

ஷோவா 64க்கும் ஆயுள் ஏழே நாள், 1989 ஜனவரி 1 முதல் 7 வரை. இங்கே குழப்பத்துக்கே இடமில்லை. 64 என்று வேறு எந்தக் காலமும் போகவில்லை. மறுநாள் ஜனவரி 8, ஹெய்செய் 1.1.8. அது ஞாயிற்றுக்கிழமை, அதனால் சிறிய அஞ்சலகங்களின் முத்திரைகளை அந்தத் தேதியில் எதிர்பார்க்க முடியாது. ஹெய்செய் 31.4.30இல் முடிந்து, மறுநாள் 1.5.1 ரெய்வா பிறந்தது.

1906க்கு முன்: எழுத்தில் எழுதிய தேதி

பழைய மெய்ஜி முத்திரைகளில் தேதி ஜப்பானிய எண்ணெழுத்தில் இருக்கும். 1888இல் வந்த ஒரு வகை பரவலாகக் கிடைக்கிறது. வட்டத்தின் குறுக்கே ஒரே ஒரு கோடு, மேல் பாதியில் ஊர், கீழ் பாதியில் தேதி. நின்ற வரிகளாக இருப்பதால் வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

பயப்பட வேண்டாம், கற்க வேண்டியது பத்துப் பன்னிரண்டு வடிவங்கள்தான். ஒன்று, இரண்டு, மூன்று: அத்தனை படுக்கைக் கோடுகள். நான்கு: ஒரு பெட்டி, உள்ளே இரண்டு குட்டிக் கால்கள். ஐந்து: மேலும் கீழும் படுக்கைக் கோடு, நடுவில் அவற்றை இணைக்கும் கோடுகள். ஆறு: ஒரு புள்ளி, கீழே படுக்கைக் கோடு, அதன் கீழ் விரிந்த இரண்டு கால்கள். ஏழு: சாய்ந்த சிலுவை, கால் வலப்பக்கம் வளையும். எட்டு: ஒன்றையொன்று தொடாமல் விலகிச் சாயும் இரண்டு கோடுகள். ஒன்பது: வலது காலில் கொக்கி போட்டு முடியும். பத்து: கூட்டல் குறி. இருபதுக்கும் முப்பதுக்கும் தனிச் சுருக்க வடிவமும் உண்டு. ஒரு படுக்கைக் கோட்டை இரண்டு நின்ற கோடுகள் வெட்டினால் இருபது, மூன்று வெட்டினால் முப்பது.

எண்ணைச் சேர்க்கும் முறை நம் பழைய தமிழ் எண்களின் முறையேதான். ௰௫ என்று எழுதினால் பதினைந்து, ௨௰௩ என்றால் இருபத்து மூன்று என்று படிப்போமே, அதே விதி. பத்தின் முன்னால் உள்ளதைப் பெருக்கி, பின்னால் உள்ளதைக் கூட்டுங்கள்.

ஆண்டு, மாதம், நாள் ஒவ்வொன்றின் பின்னாலும் அதற்குரிய எழுத்து வரும். நாளின் எழுத்து மூடிய பெட்டி, நடுவே ஒரு கோடு. மாதத்தின் எழுத்து அடி திறந்த உயரமான பெட்டி, உள்ளே இரண்டு கோடுகள். மிச்சம் இருப்பது ஆண்டு. இந்த முத்திரைகள் எல்லாமே மெய்ஜி காலம் என்பதால் 1867ஐக் கூட்டினால் போதும். ஆட்சி எது என்ற தலைவலி இல்லை.

ஒரே ஒரு விலக்கு. ஜப்பான் 1873 ஜனவரி 1 அன்றுதான் நாம் பயன்படுத்தும் காலண்டருக்கு மாறியது. அதற்கு முன் சந்திர மாதக் கணக்கு. ஜப்பானின் முதல் ஸ்டாம்ப்களான டிராகன் ஸ்டாம்ப்கள் வெளியான நாள் மெய்ஜி 4, மூன்றாம் மாதம் முதல் நாள். அது 1871 மார்ச் 1 அல்ல, ஏப்ரல் 20. அந்தக் காலத்து முத்திரை கிடைக்கும் பாக்கியம் வாய்த்தால் கூட்டல் கணக்கு போதாது, மாற்று அட்டவணை பார்க்க வேண்டும்.

தேதி சரியாகப் படித்தும் தவறாக முடிவு செய்வது

ஜனவரி 1 முத்திரை உள்ள வாழ்த்து அட்டைகள் நிறையக் கிடைக்கும். ஜப்பானில் புத்தாண்டு அட்டைகளை டிசம்பரிலேயே வாங்கிச் சேர்த்து வைத்து, ஜனவரி 1 முத்திரையோடு புத்தாண்டு காலையில் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். ஆகவே 1.1 என்பது அஞ்சலில் போட்ட நாள் அல்ல.

செம்பழுப்பு மையில், மலை, கோயில், பாலம் என்று படத்தோடு வரும் முத்திரைகள் இன்னொரு வகை. 1931இல் ஃபுஜி மலைப் பகுதி அஞ்சலகங்களில் தொடங்கியது. அஞ்சலகத்தில் கேட்டால் போட்டுத் தருவார்கள். தேதி வரிசை அதே ஆண்டு, மாதம், நாள்தான், இடம் மட்டும் படத்துக்கு ஏற்ப மாறும். அழகானவை, சேர்க்கத் தகுந்தவை. ஆனால் அந்த ஸ்டாம்ப் ஒரு கடிதத்தைச் சுமந்து போனது என்பதற்கு அவை சாட்சி ஆகாது.

ஜப்பானுக்கு வெளியே விழுந்த முத்திரைகள்

தைவானும் (1895 முதல் 1945 வரை) கொரியாவும் (1910 முதல் 1945 வரை) ஜப்பானிய ஆட்சியில் இருந்தபோது அங்கேயும் இதே முத்திரை, இதே ஆட்சி ஆண்டு. தைவானில் 1945க்குப் பிறகு சீனக் குடியரசு ஆண்டு வந்தது. அதற்கும் 1911ஐத்தான் கூட்ட வேண்டும், ஆனால் அது தைஷோ அல்ல.

ஜப்பான் வடகிழக்குச் சீனாவில் அமைத்த பொம்மை அரசான மஞ்சுகோவின் ஸ்டாம்ப்பில் ஜப்பானிய ஆண்டைப் போட்டுப் பார்க்காதீர்கள். அந்த நாட்டுக்குத் தனிக் கணக்கு. 1932 முதல் 1934 பிப்ரவரி வரை தாதோங், 1931ஐக் கூட்டவும். 1934 மார்ச் முதல் 1945 வரை காங்தே, 1933ஐக் கூட்டவும். அங்கே 8 என்றால் பெரும்பாலும் 1941.

மலேசியா, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் மலாயா ஸ்டாம்ப் மேல் 'டாய் நிப்பான் 2602' என்று கறுப்பாக அச்சிட்டவை இருக்கக்கூடும். அது ஜப்பானின் முதல் பேரரசர் என்று சொல்லப்படுபவரிலிருந்து எண்ணிய ஆண்டு. 660ஐக் கழித்தால் 1942. இது ஸ்டாம்ப் மேல் அச்சிட்ட ஆண்டு மட்டுமே, எந்த நாள் பயன்படுத்தினார்கள் என்பதை முத்திரையில் தனியாகத் தேட வேண்டும்.

ஆல்பத்தில் எழுதும்போது

பென்சிலால் எழுதுங்கள், பக்கத்தில் எழுதுங்கள், ஸ்டாம்ப் பின்னால் வேண்டாம். முதலில் முத்திரையில் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே: 10.11.12. தெரியாத எண்ணுக்குக் கோடு போடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். அடுத்த வரியில் உங்கள் வாசிப்பு: ஷோவா 10, 1935 நவம்பர் 12. மூன்றாவது வரியில் காரணம்: 'தலைப்பில் இரு கீற்று உண்டு' அல்லது '80 யென் கட்டணம்'. கடைசியாக, அந்த ஸ்டாம்ப் வெளியான நாளைக் கேட்லாக்கில் பார்த்து, உங்கள் தேதி அதற்கு முன்னால் போகவில்லை என்று உறுதி செய்யுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவில் முடிவு செய்ய முடியாவிட்டால் இரண்டையும் எழுதி வையுங்கள். பின்னால் வேறொரு அட்டையோ அதே ஊரின் தெளிவான முத்திரையோ கிடைக்கும்போது அழித்துக்கொள்ளலாம்.